ஜமீனின் கம்பளி

பிப்ரவரி 3, செவ்வாய்

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் கால்நடை டாக்டர். மாத்திரை கொடுத்த நேரம், நாய் தின்றது, ஈறின் நிறம், பிடுங்கிய உண்ணியின் எண்ணிக்கை, எல்லாம் இருபத்தெட்டு நாளைக்கு. எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவன் நான். வண்டி ஒரு அடி நகர்ந்தாலும் லாக் புத்தகத்தில் ஏற்றியே ஆகவேண்டும். ஓய்வு பெற்றபோது எழுதாத புத்தகம் ஒன்று கூடவே வந்துவிட்டது, அதில்தான் எழுதுகிறேன்.

என் நாய் ஜமீனுக்கு இன்று காலை மூக்கில் ரத்தம். முள் கிழித்திருக்கும் என்று நினைத்தேன். நேற்று விடியற்காலை கரிசல்காட்டில் நடை போனோம். முயல் வேட்டை சட்டப்படி குற்றம் என்பதால் நாங்கள் நடைதான் போகிறோம். முயல் தானாகக் குறுக்கே வந்தால் நாய் என்ன செய்யும்? ஆனால் ரத்தம் நிற்கவில்லை. வடிவு, என் மனைவி, "மூணு நாளா சோத்த மோந்து பாத்துட்டுப் போயிருது, நீங்க கண்டீகளா?" என்று கேட்டாள். கவனிக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் ஷாஹிதா சின்ன வயசு. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளுத்திருந்தது. காதைப் புரட்டினார், உள்ளே கொத்தமல்லி விதைபோல வரிசையாக உண்ணி. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனை அட்டையில் விட்டார், இரண்டு கோடு விழுந்தது. "உண்ணிக் காய்ச்சல் சார். இன்னைக்கு வந்ததில்ல. கிருமி மாசக்கணக்கா உள்ள இருந்திருக்கு. வெளிய காட்டிக்காம ஓடிக்கிட்டு இருந்திருக்கான்" என்றார். ஐந்து வயது சிப்பிப்பாறை வேட்டைநாய், சாம்பல் நிறம், சுற்றுவட்டாரத்தில் இவனைவிட வேகமான கிடா நாய் கிடையாது. இவனைப் போய் மாசக்கணக்காக நோயாளி என்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வேறு நாய்கள் வருமா என்று கேட்டார். பதில் சொன்னேன்.

பிப்ரவரி 4, புதன்

மாத்திரை காலை 8. கருவாட்டுத் துண்டில் பொதிந்து கொடுத்தேன். கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிட்டான். வடிவு கொடுத்தாள், தின்றுவிட்டான். உண்ணி 41.

பிப்ரவரி 5, வியாழன்

உண்ணி எடுப்பதில் நான் செய்துவந்தது எல்லாமே தப்பாம். மண்ணெண்ணெய் தடவக்கூடாது. பீடி நெருப்பு வைக்கக்கூடாது. அப்படிச் செய்தால் உண்ணி சாகிற நேரத்தில் குடித்ததை நாய்க்குள்ளேயே கக்கிவிடுமாம். விரலால் நசுக்கவும் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட வேண்டும். காடு போய் வந்தால் வந்த உடனே காது, அக்குள், கால் விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும்.

முப்பது வருஷமாக நாய் வளர்க்கிறவனுக்கு முப்பது வயதுகூட ஆகாத பெண் சொல்கிறது. கேட்டுக்கொண்டேன். ஸ்பிரிட் பாட்டிலில் இன்று 29. வடிவு அதை அடுப்படிப் பக்கம் வைக்கக்கூடாது என்று சண்டை போட்டாள்.

பிப்ரவரி 7, சனி

ஊரில் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம். முடிந்து போகிற வழியில் டாக்டர் நம் வீட்டுக்கும் வந்துவிட்டார். ஜமீனின் அறையைப் பார்க்க வேண்டும் என்றார். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கல்சுவர் வைத்த சின்ன அறை, ஓட்டுக்கூரை, வெயில் படாது. ஊரில் எந்த நாய்க்கும் இப்படி ஒரு வீடு கிடையாது. பெருமையாகத்தான் திறந்துவிட்டேன்.

டார்ச்சை அடித்துச் சுவர் இடுக்கைக் காட்டினார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. சில சுவரில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் ஊறுகிற மாதிரி இருந்தது.

"இது காட்டு உண்ணி இல்ல சார். வீட்டு உண்ணி" என்றார். "குடிச்சு முடிச்சதும் நாய விட்டு விழுந்திடும். இருட்டா, இதமா எது இருக்கோ அதுக்குள்ள போயிடும். சுவரு, துணி மடிப்பு, எதுவா இருந்தாலும். அங்க தோல உரிச்சுட்டு அடுத்த நாய்க்காகக் காத்திருக்கும். மாசக்கணக்கா சாப்பிடாமக் காத்திருக்கும். ஜமீன்கிட்டக் குடிச்ச கிருமிய அடுத்த நாய்க்கு ஏத்திடும். நாய்கிட்டயிருந்து நாய்க்கு நேரா ஒட்டாது, உண்ணிதான் கொண்டுபோகும்."

தரையில் கிடந்த ஜமீனின் கம்பளியைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். கறுப்புக் கம்பளி, முரட்டு நூல். மடிப்பு முழுக்க உண்ணி. ஒரு ஓரம் மட்டும் படிப்படியாக வெட்டுப்பட்டிருந்தது. "எலி கடிச்சிருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாசலில் நின்ற வடிவு என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பளியை எரிக்கச் சொன்னார். சுவருக்கு மருந்து அடிக்க வேண்டும். முட்டையெல்லாம் பொரித்து வரும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். பிறகு எல்லா இடுக்கையும் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெல்டிங் பட்டறையிலிருந்து ஊதுவிளக்கு வாங்கிவந்து சுவர் இடுக்கெல்லாம் நெருப்புக் காட்டினேன். பொரி பொரிகிற சத்தம். வாழ்நாளெல்லாம் தீயை அணைத்தவன் சொந்த வீட்டுச் சுவருக்குத் தீ வைத்தேன். பார்க்க வந்த நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுவர் ஆறியதும் மருந்து அடித்தேன். கம்பளியைக் கொல்லையில் போட்டு எரித்தேன். நாற்றம் சாயங்காலம்வரை போகவில்லை.

கம்பளியைப் பற்றி எழுதிவிடுகிறேன். ஜமீனிடம் சேர்க்கப் பெட்டை நாய்களைக் கொண்டுவருவார்கள். பெட்டை மூன்று நாள் அவன் அறையிலேயே தங்கும். திரும்பிப் போகும்போது அவன் படுக்கிற கம்பளியிலிருந்து இரண்டு முழம் வெட்டிக் கொடுப்பேன், தீர்ந்தால் புதுக் கம்பளி விரிப்பேன். பெட்டை அதில்தான் படுக்க வேண்டும், அதில்தான் குட்டி போட வேண்டும். துவைக்கக்கூடாது, உதறக்கூடாது, வெயில் காட்டக்கூடாது. அப்பன் வாசனையில் பிறக்கிற குட்டிக்கு அப்பன் கால் வரும். எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். இதற்காகவே சாத்தூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

இரண்டு வருஷத்தில் பதினொரு பெட்டைகள். கடைசியாக வந்தது குருவம்மாளின் மின்னி. ஆறு மைல் தள்ளி ஓடைக்கரை ஊரில் ஆடு வளர்க்கிற அம்மாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நாற்பது ஆடும் மின்னியும்தான். ஜனவரி 2-ஆம் தேதி சேர்ந்தது, 4-ஆம் தேதி கம்பளியோடு போனது. குட்டி போட வேண்டிய அறுபத்துமூன்றாம் நாள் மார்ச் 6.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உண்ணி 17.

பிப்ரவரி 10, செவ்வாய்

போன ஐப்பசியில் எங்கள் ஊர் மாடக்கண்ணுவின் பெட்டை செத்துப்போனது. அதுவும் ஜமீனிடம் வந்துபோனதுதான். எலும்பும் தோலுமாகி, மூக்கில் ரத்தம் வந்து செத்தது. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் நான் அவனைச் சொன்னேன், வயிற்றுக்குச் சோறு போட வக்கில்லாதவனுக்கு வேட்டை நாய் எதற்கு என்று. அவன் கிளாஸை வைத்துவிட்டுப் போனான்.

அந்த நாய்க்கு வேறு ஏதாவது வந்திருக்கலாம். நாய்க்கு ஆயிரம் வியாதி.

பிப்ரவரி 12, வியாழன்

ஜமீன் முழுச் சட்டி சோறு தின்றான். ஈறு கொஞ்சம் சிவந்திருக்கிறது. உண்ணி 3.

பிப்ரவரி 15, ஞாயிறு

குருவம்மாள் போன் செய்தது. பெட்டைக்காரர்களும் நாங்களும் ஒருத்தரை ஒருத்தர் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கேலியாகத் தொடங்கியது, இப்போது அதுவே முறையாகிவிட்டது.

"சம்பந்தி, நல்லாருக்கீகளா? உங்க மருமகளுக்கு வயிறு எறங்கிருச்சு. நடக்கவே மலைக்குது. இருந்தாலும் ஆட்டு முன்னால போயி நிக்காம இருக்க மாட்டேங்குது."

"சோறு நல்லாத் திங்குதா?"

"திங்குது சம்பந்தி. நீங்க குடுத்த கம்பளிய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கு. வந்த நாள்லருந்து அதுமேலதான் படுக்குது. மாப்பிள்ள வாசம் விட மாட்டேங்கு போல."

சொல்லிவிட்டு அதுவே சிரித்தது. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தண்ணீர் குடித்தேன். வடிவு கேட்டாள், "சொல்லிட்டீகளா?" குட்டி வயிற்றில் இருக்கும்போது எதையாவது சொல்லிப் பயமுறுத்தக்கூடாது என்றேன். "யாரு வயித்துல குட்டி, குருவம்மா வயித்துலயா?" என்றாள்.

பிப்ரவரி 16, திங்கள்

யோசித்துப் பார்த்து நானே போன் செய்தேன். கிரகம் சரியில்லை, குட்டி போடுகிறவரைக்கும் கம்பளியை எடுத்து வெயிலில் போட்டு வையுங்கள் என்றேன்.

"துவைக்கக்கூடாது, ஒதறக்கூடாது, வெயிலு காட்டக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? பெரியவுக காலத்துப் பழக்கத்த நம்ம எதுக்கு மாத்தணும் சம்பந்தி?"

சரி, எடுத்தாவது வையுங்கள் என்றேன். எடுத்து மடித்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைப்பதாகச் சொன்னது. சாயங்காலம் மறுபடி போன். மின்னி கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்த மடிப்பின்மேலேயே படுத்துக்கொண்டதாம். எவ்வளவு அறிவு பாருங்கள் என்று சந்தோஷமாகச் சொன்னது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், பூசணிக்காயும் போய்ச் சோறும் போயிற்று.

பிப்ரவரி 19, வியாழன்

தாத்தா காலத்துப் பழக்கம் என்று எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. என் தாத்தா நாய் வளர்த்ததே இல்லை, எருமை வளர்த்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜமீனின் அப்பன் இருந்தபோது ஒரு ஆள் பெட்டையைக் கொண்டுவந்தான். திரும்பிப் போகும்போது பெட்டை வண்டியில் ஏறாமல் கத்தியது. சும்மா இருக்கட்டும் என்று கிடாவின் கம்பளியில் ஒரு துண்டு வெட்டி வண்டியில் விரித்தேன், ஏறிப் படுத்துக்கொண்டது. இது எதுக்கு அண்ணாச்சி என்று அவன் கேட்டான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த ஈற்றில் ஒரு குட்டி நல்ல ஓட்டக்காரனாக வந்துவிட்டது. அடுத்த ஆள் வரும்போதே "கம்பளித் துண்டு உண்டுல்ல?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். பிறகு துவைக்கக்கூடாது என்பதைச் சேர்த்தேன். வெயில் காட்டக்கூடாது என்பது போன வருஷம்தான் சேர்த்தது.

ஆளாளுக்கு அதைப் பயபக்தியோடு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. வேலையில் இருந்தவரைக்கும் நான் ஒரு டிரைவர். பெரிய ஆபீசர் வண்டியிலிருந்து இறங்கினால் மாலை அவருக்குத்தான். கம்பளி விஷயத்தில் மாலை எனக்கு.

பிப்ரவரி 22, ஞாயிறு

வடிவு இன்று வாயைத் திறந்துவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தீயணைப்பு வண்டி ஓட்டுனீகள்ல?"

"ஆமா."

"அடுத்த வீட்டுல தீப்புடிச்சிருக்குன்னு தெரிஞ்சா, வண்டிய ஷெட்டுல போட்டுட்டுச் சோறு திம்பீகளா?"

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அவள் தடுக்கவில்லை. ஜமீன் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் கையை நக்கினான். இவன் பெயர் கெட்டுப்போகுமே என்றுதான் நினைத்தேன், வேறொன்றுமில்லை. நோய்க்கிடா என்று ஒரு சொல் விழுந்தால் இனி இவன் பக்கம் யார் வருவார்கள்? இவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சாத்தூர்க்காரர் ஒருவர் வேனில் ஒரு பெட்டையைக் கொண்டுவந்துவிட்டார். சொல்லாமல் வந்ததே தப்பு என்று சத்தம் போட்டு, வெயில்காலம் முடியட்டும் என்று அனுப்பிவிட்டேன். நல்ல வேளையாக என் கோபம் ஊரறிந்தது, அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

முதல் நாள் டாக்டர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வேறு நாய்கள் வருமா என்று கேட்டார். வராது என்று சொன்னேன்.

பிப்ரவரி 26, வியாழன்

மாத்திரை காலை 8. சுவருக்கு இரண்டாவது தடவை மருந்து அடித்தேன். உண்ணி இல்லை.

பதினொரு மணிக்குக் குருவம்மாள் போன். மின்னி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஆட்டோடு போகவில்லை. "மூக்குல ரத்தம் வருது சம்பந்தி. முள்ளு கிழிச்சிருக்கும்னு மஞ்சப்பொடி வச்சேன். நிக்க மாட்டேங்கு. உங்களுக்குத்தான் நாயப்பத்தி எல்லாந் தெரியுமே, என்ன வைக்கலாம்?"

நாளைக் காலையில் வருகிறேன் என்றேன். ஏன் இன்றைக்கே என்று சொல்லவில்லை? பஸ் இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

முதல் பஸ்ஸில் போனேன். குருவம்மாள் வீடு ஓடைக்கரையில் தனியாக இருக்கிறது. ஆட்டுக்கிடைக்குப் பக்கத்தில் மின்னி படுத்திருந்தது, கம்பளித் துண்டின்மேல். என்னைப் பார்த்து வாலை இரண்டு தடவை தரையில் அடித்தது. எழுந்திருக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்த ஈறு. காதுக்குள் கை வைத்ததும் தெரிந்துவிட்டது.

குருவம்மாள் எனக்கு மோர் கொண்டுவந்தது. சொம்பை வாங்காமலே சொன்னேன். என் நாய்க்கு நோய் இருந்ததைச் சொன்னேன். என் சுவரைச் சொன்னேன். இந்தக் கம்பளியில்தான் அது வந்திருக்கிறது என்றேன். தாத்தா காலத்துப் பழக்கம் எதுவும் கிடையாது, நானாகக் கட்டிவிட்டது என்றும் சொன்னேன்.

குருவம்மாள் கத்தும், மண்ணை வாரித் தூற்றும் என்று நினைத்தேன். மின்னியின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டது.

"எப்பத் தெரியும்?"

"இந்த மாசம் ஏழாந்தேதி."

"இன்னைக்கு என்ன தேதி?"

"இருபத்தேழு."

"இருபது நாளு" என்றது. அவ்வளவுதான். மோர்ச் சொம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்து, "ஆட்டோவக் கூப்புடுங்க" என்றது. சம்பந்தி என்று சொல்லவில்லை.

கம்பளியை அங்கேயே எரித்தேன். மின்னியை என் துண்டில் கிடத்தித் தூக்கினோம்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். வெள்ளிக்கிழமை ஆடு மாடுகளோடு பதினைந்து இருபது பேர். எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள், "என்ன அண்ணாச்சி, சம்பந்தி வீட்டு நாயா?" என்று ஒருத்தன் கேட்டான். மின்னியைப் பார்த்ததும் கூட்டத்தில் இருந்தவர்கள் தாங்களாகவே ஒதுங்கி டாக்டரின் மேஜைக்கு வழி விட்டார்கள். டாக்டர் ஊசி போட்டு, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விட்டுக் காத்திருந்தார். இரண்டு கோடு.

"உண்ணி எங்கிருந்தும்மா வந்துச்சு? வேற நாயோட சேர்த்தீங்களா? எங்க தங்குச்சு?" என்று டாக்டர் குருவம்மாளைக் கேட்டார்.

குருவம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "காட்டுல சுத்துற நாயி தாயி. எங்கனயாவது ஒட்டியிருக்கும்" என்றது.

எனக்காகப் பொய் சொன்னது. நாய் சாகக் கிடக்கிற நேரத்தில், அந்தக் கூட்டத்தில் என் மானத்தை அது மூடியது. இருபது நாளாக நான் மூடியதை அது ஒரு நொடியில் இன்னும் நன்றாக மூடிவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்ல டாக்டர். என் வீட்டுலருந்து" என்றேன். "எங்க ஜமீன்கிட்டருந்து. உங்ககிட்ட வேற நாய் வராதுன்னு சொன்னேன்ல, பொய். பதினொரு நாய் வந்திருக்கு. எல்லாத்துக்கும் கம்பளி வெட்டிக் குடுத்தேன். எலி கடிக்கல."

ஆடு ஒன்று கத்தியது. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வாயைத் திறந்தபடியே நின்றான். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "பதினொண்ணோட பேரும் ஊரும் எழுதிக் குடுங்க" என்றார். குருவம்மாள் மின்னியின் முன்னங்காலை விடாமல் பிடித்திருந்தது.

மார்ச் 1, ஞாயிறு

மின்னி ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே இருக்கிறது. குளுக்கோஸ் ஏறுகிறது. குட்டி இருப்பதால் எல்லா மருந்தையும் கொடுக்க முடியாது, யோசித்து யோசித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார் டாக்டர். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குருவம்மாள் இன்று என்னிடம் ஒன்று கேட்டது. "ஏன் அன்னைக்கே சொல்லல?" பதில் இருக்கிறது. அதனிடம் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன். என் நாயின் பெயர் எனக்கு உன் நாயின் உயிரைவிடப் பெரியதாக இருந்தது. என் நாயின் பெயர் என்பதும் சரியில்லை. அது என் பெயர்.

மார்ச் 2, திங்கள்

இருபத்தெட்டாவது மாத்திரை. ஜமீன் தேறிவிட்டான்.

மார்ச் 3, செவ்வாய்

மூன்று நாள் முன்கூட்டியே மின்னி ஈன்றது. ஐந்து குட்டி. இரண்டு பிறக்கும்போதே உயிரில்லை. ஒன்று சாயங்காலம் போனது. வடிவு சோறு பொங்கிக் கொண்டுவந்து குருவம்மாளைச் சாப்பிட வைத்தாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 4, புதன்

மின்னி போய்விட்டது. காலை பத்தரை மணி. இரண்டு குட்டியையும் பால் குடிக்க விட்டுக்கொண்டே தலையைச் சாய்த்தது.

மார்ச் 9, திங்கள்

இதுவரை ஏழு வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று பெட்டைகளுக்கு இரண்டு கோடு விழுந்திருக்கிறது, மருந்து தொடங்கியாகிவிட்டது. இரண்டு நாய்கள் நன்றாக இருக்கின்றன. ஒன்று ஏற்கெனவே செத்திருக்கிறது, அவர்கள் பாம்பு கடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் செருப்பை எடுத்தார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். டீதான் குடிக்க முடியவில்லை.

மாடக்கண்ணு வீட்டுக்கும் போனேன். அவன் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டான். "டீக்கடையில பத்துப் பேர் முன்னால சொன்னீக. இதையும் அங்க வந்து சொல்லுங்க" என்றான். நேற்றுக் காலை டீக்கடையில் சொன்னேன்.

ஜமீனைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். தினமும் காது, அக்குள், விரலிடுக்கு, வாலடி பார்க்கிறேன். சுவரில் ஒரு இடுக்குகூட மிச்சமில்லாமல் சிமெண்டு பூசியாயிற்று. யாரும் பெட்டை கொண்டுவரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

டாக்டர் மூலமாகத் தெரிந்தது. ஓடைக்குள் திரிகிற தெருநாய்கள் குருவம்மாளின் கிடைக்கு வந்துவிட்டன, பட்டப்பகலில். மூன்று ஆட்டுக்குட்டி போய்விட்டது. மின்னி இருந்தவரைக்கும் அந்த நாய்கள் ஓடையைத் தாண்டியதில்லையாம். மின்னியின் குட்டிகள் இரண்டும் ஒரு வெள்ளாட்டின் பாலைக் குடித்துக்கொண்டு நன்றாக இருக்கின்றன. அவை காவலுக்கு நிற்க இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

ஜமீனை அங்கே அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சின்னக் குட்டிகள் இருக்கிற இடம், இன்னொரு தடவை ரத்தம் சோதித்துப் பார்க்காமல் வேண்டாம் என்றார். வடிவிடம் சொன்னேன். "நாயி போகக்கூடாதுன்னுதான சொன்னாக. உங்களப் போகக்கூடாதுன்னா சொன்னாக?" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

முதல் பஸ்ஸில் போனேன். மூங்கில் கம்பு, தண்ணீர் பாட்டில், தலைக்குத் துண்டு. ஆடுகளை ஓட்டிக்கொண்டு குருவம்மாள் கிளம்பியது. நானும் பின்னாலேயே போனேன். என்ன என்று கேட்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கடைசி பஸ்ஸில் வந்தேன். கால் வீங்கியிருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

போனேன். வெயில்.

மார்ச் 18, புதன்

போனேன். இரண்டு நாய்கள் வந்தன, கம்பை ஓங்கிக் கத்தி விரட்டினேன். ஒரு ஆட்டுக்குட்டியின் காதில் கடி. நான் பார்ப்பதற்குள் அவை கிட்டே வந்துவிட்டிருந்தன.

மார்ச் 19, வியாழன்

இன்றும் ஆட்டுக்குப் பக்கத்தில் உடைமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். குருவம்மாள் தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தது. நாலு நாளில் முதல் தடவையாகப் பேசியது.

"இங்கன நிக்காதீக" என்றது. "மின்னி அந்தக் கரைமேலதான் நிக்கும். அங்கருந்து பாத்தாத்தான் ஓடைக்குள்ள நாயி வாறது தெரியும்."

அங்கே நிழல் இல்லை. ஏறிப் போய் நின்றேன். ஓடை முழுக்கத் தெரிந்தது.